மூன்று முழம்

"என்னப்பா இது? வீடு காலி பண்றோமா?"

மருந்துக் கடைக்குப் போய்த் திரும்பிய மகள் வாசலிலேயே நின்றுவிட்டாள். உள்ளே கால் வைக்க இடமில்லை. நடை முழுக்க அட்டைப்பெட்டிகள். ஒவ்வொன்றின் மேலும் கறுப்பு மையில் எழுதியிருந்தது: சமையல் ஒன்று, சமையல் இரண்டு, சமையல் மூன்று கண்ணாடி கவிழ்க்காதே. பெட்டிகளுக்கு நடுவில் அவளுடைய அப்பா முட்டி போட்டு உட்கார்ந்து, ஒரு எண்ணெய் பாட்டிலுக்குச் செய்தித்தாள் சுற்றிக்கொண்டிருந்தார்.

"சமையல்கட்டுல இருந்து நடைக்கு வர்றதுக்கா பேப்பர் சுத்துறீங்க?"

"பழக்கம்மா. கை தன்னால சுத்துது."

கூடத்துக் கட்டிலிலிருந்து மெல்லிய சிரிப்புச் சத்தம் வந்தது. "விடுடி. காலையில இருந்து... இந்தக் கூத்துதான். டிக்கெட் இல்லாம... பாத்துட்டிருக்கேன்." இவ்வளவு சொல்வதற்குள் அம்மா இரண்டு இடத்தில் மூச்சு வாங்கிவிட்டாள்.

அவரை டேப்புக்காரர் என்றால்தான் கம்பெனியில் எல்லாருக்கும் தெரியும். வீடு மாற்றுகிறவர்களின் சாமான்களைக் கட்டி லாரியில் ஏற்றி, வேறொரு வீட்டில் இறக்கிக் கொடுக்கிற கம்பெனி. அதில் முப்பத்திரண்டு வருடம். இடது மணிக்கட்டில் பழுப்பு டேப் உருளை எப்போதும் வளையல் போலக் கிடக்கும்; பெயரும் அதனால்தான் ஒட்டிக்கொண்டது. சும்மா சொல்லக்கூடாது, மனிதர் கெட்டிக்காரர். ஒரு வீட்டை வாசலில் நின்று ஒரு பார்வை பார்த்தால் போதும், எத்தனை பெட்டி, எந்த அளவு லாரி என்று சொல்லிவிடுவார். இரண்டு லாரிக்கு ஆகும் என்று முதலாளியே கைவிரித்த சாமானை ஒன்றில் அடக்கி, மேலே ஒரு சைக்கிளையும் சொருகியவர்.

அவர் வீட்டுச் சமையல்கட்டில் மட்டும் ஒரு தட்டு வைக்க இடம் கிடையாது.

மேடை மொத்தம் ஆறு முழம். அடுப்புக்கு ஒன்றரை, தொட்டிக்கு ஒன்றரை போக மிச்சம் மூன்று முழம் இருக்க வேண்டும். எங்கே இருந்தது? பாட்டில்கள், டப்பாக்கள், மிக்ஸி, எதற்கென்றே தெரியாத இரண்டு மூன்று மெஷின்கள் என்று சுவர் தெரியாமல் அடைத்துக்கொண்டு நின்றன. அவருடைய மனைவி தொட்டியின் குறுக்கே பலகையைப் போட்டுத்தான் வெங்காயம் நறுக்குவாள். பாதி நறுக்கும்போது பாத்திரம் கழுவ வேண்டி வந்தால் பலகையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு கழுவுவாள். அவள் வேலை பார்த்தது துணிக்கடையில். அங்கே இருபதடி மேடையில் நாள் முழுக்கத் துணியை விரித்து, முழம் போட்டுக் கொடுத்துவிட்டு வருகிறவள். "கடையில என் மேடையில லாரியே நிறுத்தலாம். வீட்டுக்கு வந்தா ஒரு டம்ளர் வைக்க வழியில்ல. ஊரான் வீட்டையெல்லாம் அப்படி அடுக்குறீங்களே, இதக் கொஞ்சம் பாக்கக் கூடாதா?" என்று அவள் கேட்காத மாதமில்லை. "வர்ற ஞாயித்துக்கிழமை பண்ணித் தர்றேன்" என்று அவரும் சொல்லாத மாதமில்லை. ஆனால் ஜனங்கள் வீடு மாறுவதே ஞாயிற்றுக்கிழமையில்தான். அவருக்கு ஏது ஞாயிறு?

போன வியாழக்கிழமை ஆஸ்பத்திரியில் டாக்டர் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, "இனிமே வீட்டுல வச்சுப் பாத்துக்கங்க. ஆசைப்பட்டதக் குடுங்க" என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று தெரியாதவர்கள் யார்? திரும்பி வரும் காரில் அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "உனக்கு என்ன வேணும், சொல்லு" என்று கேட்டார். அவள் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டே வந்தாள். தெரு முனை திரும்பியதும் சொன்னாள்:

"மேடைய காலி பண்ணிக் குடுங்க. மூணு முழமும் வேணும். அதக் கண்ணால பாத்துட்டாப் போதும்."

அன்றிலிருந்து மூன்று நாள் காய்ச்சல், ஊசி, தூக்கமில்லை. இன்றைக்குக் காலையில்தான் அவள் கண் தெளிந்து, கொஞ்சம் கஞ்சி குடித்தாள். இந்தத் தெளிவு எத்தனை மணி நேரத்துக்கு என்று யார் கண்டது? டேப்பை எடுத்து மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு சமையல்கட்டுக்குள் இறங்கிவிட்டார்.

வேண்டியதைத் தட்டுகளில் அடுக்கி, மிச்சத்தை நடைப் பெட்டிகளிலேயே விட்டு, பத்து மணிக்கெல்லாம் முடித்தும் விட்டார். மகள் எட்டிப் பார்த்து, "அடேயப்பா!" என்றாள். பொய்யில்லை. சுவர் தெரிந்தது. பாதி மேடைக்கு மேல் வெறும் கல்லாக இருந்தது. ஒரு ஓரத்தில் மட்டும் கொஞ்சம் சாமான் மிஞ்சியிருந்தது.

"அம்மாவக் கூட்டிட்டு வா" என்றார்.

யாரோ வீடு மாறும்போது வேண்டாமென்று விட்டுப்போன ஆபீஸ் நாற்காலி ஒன்று வீட்டில் இருந்தது, சக்கரம் வைத்தது. அவளை அதில் உட்கார வைத்து, இடுப்பில் ஒரு தலையணையை அணைத்து, இருவரும் மெதுவாகத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். நிலைப்படியில் அவர் நாற்காலியை லேசாகச் சாய்த்து, ஒரு குலுங்கல் இல்லாமல் உள்ளே இறக்கினார். சக்கரத்துக்கு அட்டையை மடித்து முட்டுக் கொடுத்தார். அடியிலிருந்த பிடியை இழுத்து, மேடை அளவுக்கு உயர்த்தினார். பிறகு இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். லாரிச் சாமானை இறக்கி முடித்ததும் வீட்டுக்காரர்கள் முன்னால் நிற்பாரே, அதே நிற்பு.

அவள் மேலும் கீழும் பார்த்தாள். அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"எப்பிடி?"

"மிக்ஸி எங்க?"

"கீழ. அடித்தட்டுல."

"உப்பு?"

"பரண்ல."

"பரண்லயா? உப்பா?"

"லேசான சாமான்தானே. கனமானது கீழ, லேசானது மேல. அப்பத்தான் ஆட்டம் குடுக்காது."

அவள் அவரையே பார்த்தாள். வாய் கோணியது. அழப்போகிறாளோ என்று அவர் ஓரடி எடுத்து வைத்தார். அவள் சிரிக்கத் தொடங்கியிருந்தாள். தோள் குலுங்கியது. "ஏங்க... இந்தச் சமையல்கட்டு எங்க போகுது? எந்த வளைவுல திரும்பப் போகுது? உப்பப் போட... ஒவ்வொரு தடவையும் நான் ஏணி வச்சு ஏறணுமா? இடுப்பு ஒடிஞ்சவ... குனிஞ்சு மிக்ஸியத் தூக்கணுமா?"

மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் அசடு வழிய நின்றார். முப்பத்திரண்டு வருட அனுபவம் மொத்தமும் சேர்ந்து, நன்றாகக் கட்டிய ஒரு லாரியைச் சமையல்கட்டுக்குள் கொண்டுவந்து நிறுத்தியிருந்தது. சிரிப்பு இருமலாக மாறி, மகள் தண்ணீர் கொடுத்து, நெஞ்சைத் தடவிவிட்டாள். இருமல் நின்றதும் அவள் விரலை நீட்டினாள். "முதல்ல உப்ப எறக்குங்க."

அப்புறம் நடந்ததுதான் வேலை. அவள் நாற்காலியில் இருந்தபடி கண்ணால் காட்டினாள். அவர் எடுத்து வைத்தார். தினமும் எடுப்பது தோள் உயரத்தில். வாரம் ஒரு தடவை எடுப்பது தலைக்கு மேல். மிக்ஸிக்கு ஜன்னல் ஓரத்துத் தட்டு. கரண்டிகளுக்குச் சுவரில் நாலு கொக்கி. கொக்கி அவரிடம் எப்போதும் இருக்கும். மூடி இல்லாத டப்பாக்கள் ஏழு, டப்பா இல்லாத மூடிகள் பதினொன்று கிடைத்தன. "இதுங்களுக்குள்ள ஒரு கல்யாணமும் அமையலியே" என்றாள் மகள். எல்லாம் குப்பைக்குப் போயின.

கடைசியில் மேடை ஓரத்துச் சாமான்களிடம் வந்தார்கள். முட்டையை வில்லை போடும் ஒரு கம்பிச் சட்டம். கண்ணாடி ஜாடி இல்லாத ஒரு காபி மெஷின். கையால் சுற்றிப் பழம் பிழியும் இரும்பு மெஷின் ஒன்று. சும்மாவே நாலு கிலோ இருக்கும். ரொட்டி வாட்டும் பெட்டி இரண்டு. இரண்டிலும் ஒரு பக்கம்தான் சுடும். பீங்கானில் ஒரு கோழி. அதன் வயிற்றுக்குள் என்ன வைக்க வேண்டும் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

"இத எங்க வைக்கட்டும்?" என்று பிழியும் மெஷினைத் தூக்கிக் காட்டினார்.

"நீங்கதான் சொல்லணும்."

"நான் எப்பிடிச் சொல்றது? உன் சாமான்."

"என் சாமானா?" என்றாள். குரலில் கோபமில்லை. "அது, அந்த மூணு மாடி வீடு. பொண்ணு வெளிநாடு போச்சுன்னு காலி பண்ணாங்களே. அவங்க வேணாம்னு விட்டத நீங்க கொண்டு வந்தீங்க. அந்தக் கோழி, டாக்டர் வீடு. காபி மெஷின், நம்ம பொண்ணு அஞ்சாவது படிக்கும்போது. மழையில நனைஞ்சுக்கிட்டு, சட்டைக்குள்ள வச்சு எடுத்துட்டு வந்தீங்க."

அவர் கையில் மெஷினோடு நின்றார். ஒவ்வொன்றாகப் பார்த்தார். அந்த ஓரத்தில் இருந்தது அத்தனையும் அவர் கொண்டுவந்தது. காலையில் கட்டிய பெட்டிகளையும் மனதுக்குள் பிரித்துப் பார்த்தார். அவற்றிலும் பாதி அவர் கொண்டுவந்ததுதான். காலி பண்ணுகிற வீடுகளில், "இத நீங்களே வச்சுக்கங்க" என்று ஏதாவது கொடுப்பார்கள். அவருக்கு அது பெரிய சந்தோஷம். ராஜா மாதிரி வீட்டுக்கு வந்து, "இந்தா, உனக்குத்தான்" என்று நீட்டுவார்.

"ஒரு தடவை கூடச் சொல்லலியே நீ."

"அவ்வளவு ஆசையா நீட்டுவீங்க. எங்க வைக்கறது? மேடையில வச்சேன்."

அவருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. முப்பது வருடமாக இடம் கேட்டவளிடம் ஞாயிற்றுக்கிழமையைக் காரணம் சொல்லிக்கொண்டிருந்தவர்தான், வாரா வாரம் அந்த இடத்தை ஒரு சாண் ஒரு சாணாகத் தின்றிருக்கிறார். "மன்னிச்சுக்க" என்று சொல்ல நினைத்தார். முப்பது வருடத்தில் அவளிடம் சொல்லிப் பழகாத வார்த்தை.

"நான் ஒரு மடையன்" என்றார்.

"அது தெரிஞ்சதுதானே" என்று அவள் சிரித்தாள்.

அவர் அத்தனையையும் இரண்டு பெட்டிகளில் போட்டார். இந்தத் தடவை பேப்பர் சுற்றவில்லை. மகள் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு கீழே போனாள். தெருக்கோடியில் பழைய சாமான் எடுப்பவர் இருந்தார். அடுத்த பெட்டிக்கு வர அவளுக்குக் கால் மணி நேரமாவது ஆகும்.

ஈரத் துணியை எடுத்து மேடையைத் துடைத்தார். சாம்பல் நிறக் கல். அங்கங்கே வெள்ளைப் புள்ளி. இந்த வீட்டுக்கு வந்த நாளில் பார்த்தது. அதன்பின் இப்போதுதான் முழுசாகத் தெரிகிறது. காய்ந்த துணியால் இன்னொரு தடவை துடைத்தார்.

அவள் வலது முழங்கையைச் சுவரோரம் ஊன்றி, கையை நீட்டினாள். விரல் நுனி பட்ட இடத்தில் இடது கை விரலை வைத்தாள். கடையில் செய்வது போலவே. "ஒண்ணு." அடுத்ததற்கு அவள் சாய முடியவில்லை. அவர் முட்டுக் கொடுத்த அட்டையை எடுத்து, நாற்காலியை மெல்ல நகர்த்தி, திரும்பவும் முட்டுக் கொடுத்தார். "ரெண்டு." இன்னும் கொஞ்சம் நகர்த்தினார். "மூணு." அடுப்பைத் தொட இன்னும் நாலு விரல்கடை இடம் மிச்சமிருந்தது. அதையும் விரல் வைத்துப் பார்த்தாள்.

"கூடவே இருக்கே."

"உனக்கு இனாம்" என்றார்.

அவள் இரண்டு கையையும் மேடைமேல் நீட்டி விரித்தாள். பிறகு குனிந்து, கன்னத்தைக் கல்மேல் வைத்துக்கொண்டாள்.

"குளுகுளுன்னு இருக்கு."

"கட்டிலுக்குப் போயிடலாமா?"

"கொஞ்ச நேரம். நீங்க வேலையப் பாருங்க."

அவர் வேலையைப் பார்த்தார். தட்டுகளில் வைக்க வேண்டிய டப்பாக்கள் இன்னும் பத்துப் பன்னிரண்டு இருந்தன. டீத்தூள், சர்க்கரை, மாவு என்று அவள் சொன்ன வரிசையில் வைத்தார். ஒரு மூடி லேசாக 'டங்' என்றது. திரும்பிப் பார்த்தார். அவள் அசையவில்லை. நல்ல தூக்கம் போலிருக்கிறது என்று சந்தோஷப்பட்டார். மூன்று ராத்திரியாகக் கண்ணை மூடாதவள். அதற்கப்புறம் ஒவ்வொரு டப்பாவுக்கு அடியிலும் உள்ளங்கையைக் கொடுத்து, சத்தமே வராமல் வைத்தார். கண்ணாடிச் சாமான் இறக்கும்போது புதுப் பையன்களுக்கு அவர் சொல்லிக் கொடுப்பது அது. முதலில் விரல், அப்புறம் டப்பா, அப்புறம் விரலை உருவ வேண்டும். பன்னிரண்டு டப்பாவையும் அப்படி வைத்தார்.

மகள் படியேறி வரும் செருப்புச் சத்தம் கேட்டது. அவர் அவசரமாக நிலைப்படிக்கு வந்து உதட்டில் விரலை வைத்தார்.

"ஷ்ஷ். தூங்குறா."

மகள் அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு செருப்பைக் கழற்றாமலேயே அவரை ஒதுக்கிவிட்டு உள்ளே போய், அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்தாள். மூக்கருகே கையை வைத்தாள்.

"அப்பா."

"மெதுவா பேசும்மா."

"அப்பா" என்றாள் மகள் திரும்பவும். அவள் குரல் உடைந்ததும்தான் அவருக்குப் புரிந்தது.

அவர்தான் தூக்கினார். இரும்புப் பீரோவை ஒற்றை ஆளாக மூன்று மாடி இறக்கிய கை. அதில் கால்வாசி பலம்கூட வேண்டியிருக்கவில்லை. கட்டிலில் கிடத்தி, முடியை ஒதுக்கிவிட்டார். ஒரு கன்னம் மட்டும் சில்லென்று இருந்தது. அந்தக் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

மத்தியானம் இரண்டு மணிக்கெல்லாம் வீடு நிறைந்துவிட்டது. அவளுடைய அக்கா வரும்போதே படிக்கட்டில் குரல் கேட்டது. "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாமப் போயிட்டாளே!" என்று கட்டில் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். அழுது முடித்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து, வீட்டுப் பொறுப்பைக் கையில் எடுத்துக்கொண்டாள். அவள் சுபாவம் அது. யாருக்குப் போன் போட வேண்டும், வண்டி எத்தனை மணிக்கு, வந்தவர்களுக்கு டீ போட யார் யார் என்று உத்தரவுகள் பறந்தன. துணிக்கடைப் பெண்கள் நாலு பேர், எதிர்வீட்டுக்காரி, இன்னும் இரண்டு பேர் சமையல்கட்டுக்குள் போனார்கள்.

கம்பெனியிலிருந்து வந்தவர்கள் ஆளுக்கொரு தரம் அவர் கையைப் பிடித்துவிட்டுச் சுவரோரம் நின்றார்கள். அவருக்கு அழுகை வரவில்லை. அழ வேண்டும் போல நெஞ்சு முழுக்க இருந்தது, வழிதான் கிடைக்கவில்லை.

அப்போதுதான் அந்தச் சத்தம் காதில் விழுந்தது. ணங். கல்லின் மேல் பாத்திரம். தொடர்ந்து டம்ளர்கள். பிளாஸ்டிக் பை சரசரக்கும் சத்தம். ஒரு சாவிக்கொத்து.

எழுந்தார். பக்கத்தில் இருந்தவர் பிடிக்க வந்தார்; கையை விலக்கிவிட்டு நடந்தார்.

சமையல்கட்டு வாசலில் நின்று பார்த்தார். தட்டுகளெல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தன. மேடைதான் இல்லை. மூன்று முழமும் போயிருந்தது. பால் பாக்கெட்டுகள், இரண்டு ஃபிளாஸ்க், காகிதக் கப் அடுக்கு, திறந்த சர்க்கரை டப்பா, தட்டு, வடிகட்டி, யாருடைய போனோ சார்ஜருடன், அக்காவின் பெரிய கைப்பை. பெண்கள் உள்ளே வந்து ஒரு மணி நேரம் ஆகியிருக்காது.

அவர் உள்ளே போனார். பெண்கள் விலகி வழிவிட்டார்கள். தண்ணீர் குடிக்க வந்திருக்கிறார் என்று நினைத்து ஒருத்தி டம்ளரை எடுத்தாள். அவர் முதல் ஃபிளாஸ்க்கைத் தூக்கி, பக்கத்தில் நின்றவளிடம் நீட்டினார்.

"இதக் கொஞ்சம் பிடிங்கம்மா."

அவள் வாங்கிக்கொண்டாள். இரண்டாவது ஃபிளாஸ்க்கை அடுத்தவளிடம். கப் அடுக்கை, பின்னாலேயே வந்திருந்த மகளிடம். சர்க்கரை டப்பாவைத் துணிக்கடைப் பெண் ஒருத்தியிடம். தட்டையும் வடிகட்டியையும் இன்னொருத்தியிடம். அவசரமே இல்லாமல், ஒவ்வொன்றுக்கும் அடியில் உள்ளங்கையைக் கொடுத்து, வாங்குகிறவர்கள் கையில் நன்றாகப் பதிந்த பிறகே விட்டார். போனின் சார்ஜரைப் பிடுங்கி, ஒயரைச் சுற்றிக் கொடுத்தார். பால் பாக்கெட்டுகளை ஒருத்தியின் இரண்டு கையிலும் அடுக்கினார்.

"மாப்ள, என்ன பண்றீங்க?" என்று வாசலிலிருந்து அக்காவின் குரல் வந்தது. "டீ போட்டுக்கிட்டிருக்காங்கல்ல. நீங்க போய் உக்காருங்க."

அவர் அவளுடைய கைப்பையை எடுத்து அவளிடமே கொடுத்தார். அவள் அதை வாங்கி, பழக்கத்தில் திரும்பவும் மேடையில் வைக்கப் போனாள். கப் அடுக்கைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மகள் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். தலையை மட்டும் இல்லையென்று அசைத்தாள். அக்கா மகளைப் பார்த்தாள், காலியாகிவிட்ட கல்லைப் பார்த்தாள், கொக்கியிலிருந்து ஈரத் துணியை எடுக்கிற அவரைப் பார்த்தாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

அவர் சுவரோரத்திலிருந்து துடைக்க ஆரம்பித்தார். சர்க்கரைத் துகள், ஒரு சொட்டுப் பால், டம்ளர் வைத்த வட்டங்கள். யாரும் வெளியே போகவில்லை. அந்தச் சின்ன இடத்தில் ஏழெட்டுப் பேர், தோளோடு தோள் இடித்துக்கொண்டு, ஆளுக்கொரு சாமானைக் கையில் பிடித்தபடி நின்றார்கள். அடுப்பில் பால் பொங்கி வந்தது. எதிர்வீட்டுக்காரி துணி பிடித்துப் பாத்திரத்தை இறக்கினாள். இறக்கியவள் மேடையைப் பார்த்தாள். சூடு துணியைத் தாண்டியிருக்க வேண்டும். வலது கையிலிருந்து இடது கைக்கும், இடது கையிலிருந்து வலது கைக்கும் மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டு நின்றாள், கீழே வைக்கவில்லை.